உறக்க மூச்சுத்தடை: முகக்கவசம் அணியுமுன் களைய வேண்டிய மறைப்பு

புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் குறட்டை நீண்ட காலமாக நகைப்புக்குரிய பொருளாகவே இருந்து வருகிறது. திருமண வீடுகளில் ஒரே மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்த உறவினர்கள், மறுநாட் காலை பெரியப்பாவின் குறட்டையைச் சொல்லிச் சிரிப்பது வழமை. உழைத்துக் களைத்தவருக்கு வரும் ஆழ்ந்த நித்திரையின் அடையாளமாகவும் அது கொள்ளப்படுகிறது. ஆனால் குறட்டை சட்டென்று நின்று, பல கணங்கள் எவ்வித ஓசையும் இன்றிக் கழிந்து, பின்னர் பெரும் திணறலுடன் மீண்டும் தொடங்கும் அந்த இடைவெளி நகைப்புக்குரியதன்று. அந்த அமைதியில் ஒரு மனிதரின் மூச்சு நின்று போயிருக்கிறது.

உறக்க மூச்சுத்தடை என்றும், 'சிலீப் அப்னியா' என்றும் அழைக்கப்படும் இந்நோய் சிகிச்சையற்ற நோயன்று. அதற்கான வலுவான சிகிச்சை முறை 1981ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை அதற்குரிய கருவியைக் கட்டணமின்றி வழங்குகிறது. அவ்வாறிருந்தும், நோய் உறுதி செய்யப்பட்ட பின்னரும், கருவி வீடு வந்து சேர்ந்த பின்னரும், அது அலுமாரிக்குள் முடங்கிவிடும் வீடுகள் உண்டு. இதற்குக் கருவி தரும் அசௌகரியம் மட்டும் காரணமன்று. நோய் கண்டறியப்பட்ட நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில் குடும்பம் என்ன செய்கிறது என்பதிலேயே பெரும்பகுதி தங்கியிருக்கிறது. அந்த வாரங்கள் மறைப்பதிற் கழிகின்றனவா, ஆயத்தமாவதிற் கழிகின்றனவா என்பதே இங்கு எழும் கேள்வி.

ஒரு வீட்டில் நடப்பது

இலண்டன் புறநகர் ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தை மனக்கண்முன் கொண்டுவந்து பார்க்கலாம். தந்தைக்கு வயது ஐம்பத்திரண்டு. தொண்ணூறுகளில் ஏதிலியாக வந்து சேர்ந்தவர். பகலில் ஒரு களஞ்சியத்தில் வேலை. வார இறுதி இரவுகளில் வாடகை வண்டி ஓட்டம். இருபது ஆண்டுகளாக நான்கு மணி நேரத்துக்கும் ஆறு மணி நேரத்துக்கும் இடையே துண்டு துண்டாக உறங்கிப் பழகியவர். தொலைக்காட்சியின் முன் அமர்ந்தால் ஐந்து நிமிடத்தில் கண் சொருகும். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினால் பின்னாலுள்ளவர் ஒலியெழுப்பித்தான் எழுப்ப வேண்டும். காலையில் தலையிடி. மூன்று வகை மாத்திரை எடுத்தும் குருதி அமுக்கம் கட்டுப்படவில்லை. மனைவி பல இரவுகள் விழித்திருந்து, அவர் மூச்சு நிற்பதைக் கண்டு, தோளில் தட்டி எழுப்பியிருக்கிறார்.

குடும்ப வைத்தியர் அவரை உறக்கநோய்ப் பிரிவுக்கு அனுப்புகிறார். விரலில் ஓர் உணர்கருவியும் மார்பில் ஒரு பட்டியும் மூக்கில் ஒரு மெல்லிய குழாயும் பொருத்தி, ஓர் இரவு வீட்டிலேயே பரிசோதனை நடக்கிறது. சில வாரங்களில் கடிதம் வருகிறது: மணிக்கு 38 தடவை. ஏழு மணி நேர நித்திரையில் 266 தடவை மூச்சு நின்றிருக்கிறது, அல்லது பெருமளவு குறைந்திருக்கிறது என்பது அதன் பொருள். கருவி வழங்குவதற்கான அழைப்பு பின்னர் வரும் என்றும், வாகனம் ஓட்டுவது பற்றிய சில வரிகளும் அக்கடிதத்தில் இருக்கின்றன.

தந்தை அதனை மடித்துச் சாமிப்படத் தட்டுக்குக் கீழுள்ள இழுப்பறையில் வைக்கிறார். "இதை வெளியில ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்" என்கிறார். கடிதத்தை வாசித்துச் சொன்ன மகனும், அருகில் நின்ற தாயும் அதற்கு உடன்படுகின்றனர்.

அவரைக் கோழை என்று எவரும் கூறிவிட முடியாது. வண்டி அனுமதி போனால் வீட்டுக் கடன் என்னாகும் என்ற அச்சம் அவருக்கு உண்டு. மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில், தகப்பன் இரவில் இயந்திரம் பூட்டிப் படுக்கிறார் என்ற கதை பரவினால் என்னாகும் என்ற அச்சமும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, தன் குடும்பத்தைத் தாங்கி நின்ற உடல் தளர்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளும் வேதனையும் உண்டு. இந்த அச்சங்கள் மதிக்கப்பட வேண்டியவை. ஆனால் அவை அந்தக் கடிதத்தை இழுப்பறைக்குள் வைத்திருப்பதற்கான நியாயங்கள் ஆகிவிட மாட்டா.

மூச்சு ஏன் நிற்கிறது

உறங்கும்போது உடற்தசைகள் யாவும் தளர்கின்றன. தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகளும் அவற்றுள் அடங்கும். சிலருக்கு அவ்விடத்து வழி இயல்பிலேயே குறுகலாக இருக்கும். தசை தளரும்போது, நனைந்த காகிதக் குழாயை உறிஞ்சினால் அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்வது போல, மூச்சுவழி ஒட்டிக்கொள்கிறது. குருதியில் ஒட்சிசன் குறைகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை உடலைச் சற்றே விழிக்கச் செய்கிறது. தசை இறுகி வழி திறக்க, ஒரு திணறலுடன் மூச்சு மீள்கிறது. உறங்குபவருக்கு இது எதுவும் காலையில் நினைவிருப்பதில்லை. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உறங்காதவர் போல எழுவதற்கான காரணம் இதுவே.

மூச்சு குறைந்தது பத்து விநாடி நின்றால் அது ஒரு தடையாகக் கணக்கிடப்படுகிறது. பெரியவர்களுக்கு மணிக்கு 5 முதல் 14 வரையான தடைகள் மிதமானவை என்றும், 15 முதல் 29 வரை நடுத்தரமானவை என்றும், 30உம் அதற்கு மேலும் கடுமையானவை என்றும் வகுக்கப்படுகின்றன. பகலுறக்கத்தை அளவிட, மெல்பேர்ணைச் சேர்ந்த வைத்தியர் மரே ஜோன்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வேர்த் அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வரை புள்ளிகள், மொத்தம் 24. பத்துக்கு மேற்பட்டால் பகலுறக்கம் அளவுமீறியது எனக் கொள்ளப்படும். இவ்வினாக்களுக்குப் பலர் வீரத்துடன் சுழியம் இட்டுவிடுவதுண்டு. அருகில் வாழும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து நிரப்பும் தாளே உண்மைக்குக் கிட்டியதாக இருக்கும்.

இந்நோய்க்கும் உயர் குருதி அமுக்கத்துக்கும், இரண்டாம் வகை நீரிழிவுக்கும், பாரிசவாதத்துக்கும், இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்கும் தொடர்புண்டு. நீரிழிவும் இதயநோயும் தெற்காசிய மக்களிடையே மிகுந்திருப்பது எல்லோரும் அறிந்தது. ஆகவே உறக்கத்தைத் தனியாகவும் சர்க்கரையைத் தனியாகவும் எண்ணுவது தவறு.

"மெலிந்தவருக்கு வராது", "பெண்களுக்கு வராது"

தமிழரிடையே இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. முதலாவது, இது மிகப் பருத்த மனிதர்களின் நோய் என்பது. உடற்பருமன் முக்கிய காரணி என்பது உண்மையே. ஆனால் தாடையின் அமைப்பும் கழுத்தின் சுற்றளவும் தொண்டையின் இயல்பான குறுகலும் பரம்பரையும் காரணிகளாகின்றன. மேலும், ஐரோப்பியருக்கு வகுத்த எடையளவு தெற்காசியருக்குப் பொருந்துவதில்லை. உடல் நிறைச் சுட்டெண் 25க்கு மேற்பட்டால் அதிக எடை என்பது பொதுவிதி. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துரைத்தது. 'கொஞ்சம் தொந்தி மட்டும்தான்' என்று சொல்லப்படும் உடலில் நோய் இருக்கக்கூடும்.

இரண்டாவது, இது ஆண்களின் நோய் என்பது. மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களிடையே இந்நோய் கூடுகிறது. ஆயினும் பெண்கள் உரத்த குறட்டையைவிட, நித்திரை வராமை, ஓயாத களைப்பு, காலைத் தலையிடி, மனச்சோர்வு என்றே முறையிடுவதுண்டு. அதனால் நோய் கண்டுகொள்ளப்படாமற் போகிறது. வீட்டு வேலையும் வெளி வேலையும் செய்யும் தாய் 'களைப்பாய் இருக்கு' என்றால், அதை வயதின் இயல்பென்று கடந்து போகும் வீடுகளே மிகுதி. இந்தக் கட்டுரையை வாசிக்கும் பிள்ளைகள் தந்தையின் குறட்டையை மட்டுமன்றித் தாயின் களைப்பையும் கேட்டறிய வேண்டும்.

அனுமதிப்பத்திரம் பற்றிய அச்சம்

மறைப்புக்கு முதற்காரணம் சாரதி அனுமதிப்பத்திரம் என்பதால், விதி என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது நன்று. நடுத்தரமான அல்லது கடுமையான மூச்சுத்தடையும், அதனுடன் அளவுமீறிய பகலுறக்கமும் உள்ளவர் பிரித்தானியாவில் வாகனம் ஓட்டக்கூடாது. சாரதி அனுமதிக்குப் பொறுப்பான டி.வி.எல்.ஏ. முகவரகத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்காது விடுபவருக்கு 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் வழக்கும் தொடரப்படலாம். கனரக வாகனச் சாரதிகளுக்கு விதி மேலும் கடுமையானது. இலண்டனில் வாடகை வண்டிக்கும் அதே கடுமையான மருத்துவ அளவே கேட்கப்படுகிறது.

ஆனால் விதியின் மறுபாதியைப் பலர் வாசிப்பதில்லை. இது நிரந்தரத் தடையன்று. சிகிச்சை தொடங்கி, நோய் கட்டுப்பட்டு, பகலுறக்கம் நீங்கி, கருவி ஒழுங்காகப் பயன்படுத்தப்படுகிறது என்பது உறுதியானால் மீண்டும் ஓட்டலாம். அதன் பின்னர் சாதாரண மகிழுந்துச் சாரதிகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், கனரக வாகனச் சாரதிகளுக்கு ஆண்டுதோறும் மீளாய்வு நடைபெறும். பகலுறக்கம் இல்லாதவருக்கு இத்தடை பொருந்துவதில்லை.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறையில், வாகனம் ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களை முன்னுரிமையுடன் விரைந்து பரிசோதிக்க வேண்டும் என்று கூறியுள்ளது. விழிப்புத் தவறினால் ஆபத்து நேரும் தொழில்களைச் செய்வோரும் கருவுற்ற பெண்களும் அதே முன்னுரிமைக்குரியவர்கள். ஆகவே, 'வண்டி ஓடுகிறேன் என்று சொன்னால் தொழில் போய்விடும்' என்றெண்ணி வைத்தியரிடம் தொழிலை மறைப்பவர், தனக்குக் கிடைக்கக்கூடிய விரைவான சிகிச்சையைத் தானே பின்தள்ளுகிறார். உண்மையைச் சொன்னவர் வரிசையில் முன்னே செல்ல, மறைத்தவர் ஒவ்வோர் இரவும் ஆபத்துடன் வண்டியோட்டியபடி காத்திருக்கிறார்.

இந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று கருதுவோர் நியூயோர்க்கில் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். 2013 டிசம்பர் 1ஆம் நாள் அதிகாலை, மெட்ரோ நோர்த் தொடருந்து ஒன்று பிராங்ஸ் பகுதியில் தடம்புரண்டு நால்வர் உயிரிழந்தனர். மணிக்கு 30 மைல் வேகத்திற் செல்ல வேண்டிய வளைவில் அது 82 மைல் வேகத்திற் சென்றிருந்தது. சாரதி உறங்கிவிட்டார் என்றும், அவருக்குக் கண்டறியப்படாத கடுமையான உறக்க மூச்சுத்தடை இருந்தது என்றும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவு செய்தது. விபத்துக்குச் சிறிது காலம் முன்னரே அவரது பணிநேரம் மாலையிலிருந்து அதிகாலைக்கு மாற்றப்பட்டிருந்தது. மாறிமாறி வரும் பணிமுறையில் உழைக்கும் தமிழருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. அந்தச் சாரதிக்குத் தன் நோய் தெரியாது. இழுப்பறையில் கடிதத்தை வைத்திருப்பவருக்குத் தெரியும். வேறுபாடு அதுதான்.

கருவி வருமுன் செய்ய வேண்டியவை

சிட்னியைச் சேர்ந்த கொலின் சலிவனும் அவரது குழுவினரும் 1981இல் லான்செற் மருத்துவ இதழில் அறிவித்த முறையே இன்றும் முதன்மைச் சிகிச்சையாக இருக்கிறது. 'சீபாப்' எனப்படும் இக்கருவி ஒட்சிசனைத் தருவதில்லை. அறையிலுள்ள காற்றையே மெல்லிய அழுத்தத்துடன் முகக்கவசத்தின் வழியே செலுத்துகிறது. அந்த அழுத்தம் தொண்டைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் தாங்கி நிற்கிறது. வீட்டுக் கருவிகளின் அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீரளவுக்கு உட்பட்டது. மிதிவண்டிச் சக்கரத்திலுள்ள அழுத்தத்தின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 'இயந்திரத்தில் உயிர் தொங்குகிறது' என்று அஞ்ச வேண்டியதில்லை. மின்சாரம் நின்றால் முகக்கவசத்திலுள்ள துளைகள் வழியே மூச்சு வாங்கலாம். கவசத்தைக் கழற்றிவிடவும் முடியும்.

அழைப்புக்காகக் காத்திருக்கும் வாரங்களில் வீட்டில் ஆயத்தங்கள் பல உள்ளன. கட்டிலின் அருகே, தலைமட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாகக் கருவியை வைக்க ஒரு சிறு மேசையும் மின்னிணைப்பும் வேண்டும். மூக்கடைப்பு உள்ளவர் அதற்கான மருந்தை முன்கூட்டியே வைத்தியரிடம் பெற வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் முதல் இரவே தோல்வியில் முடியும். தாடியும் அடர்ந்த மீசையும் கவசத்தின் விளிம்பில் காற்றுக் கசிய இடமளிக்கலாம். மீசையை இழக்க விரும்பாதவர் அதனை வெளிப்படையாகச் சொல்லி, மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய வகையைக் கேட்கலாம். பொய்ப்பற்கள் அணிபவர் அதையும் சொல்ல வேண்டும். வாயால் மூச்சு விடுபவருக்கு வாயையும் மூடும் கவசம் தேவைப்படலாம்.

படுக்கைக்கு முன் மது அருந்துவது தொண்டைத் தசைகளை மேலும் தளரச் செய்து நோயைக் கூட்டும். சிலவகை நித்திரை மாத்திரைகளும் அவ்வாறே. மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு உதவுகிறது. அறுவைச் சிகிச்சை ஏதேனும் நிச்சயிக்கப்பட்டிருந்தால் மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியருக்கு இந்நோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். மறைப்பு உயிருக்கே ஆபத்தாகும் இடங்களில் இதுவும் ஒன்று.

எடையைக் குறைப்பது நோயின் கடுமையைக் குறைக்கும். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2024 டிசம்பரில், உடற்பருமனுடன் கூடிய நடுத்தர, கடுமையான மூச்சுத்தடைக்கு டிர்செப்பட்டைட் என்ற ஊசிமருந்தை அங்கீகரித்தது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆனால் எடை குறைய மாதங்கள் ஆகும். அதுவரை ஒவ்வோர் இரவும் மூச்சு நின்றுகொண்டுதான் இருக்கும். 'முதலில் மெலிகிறேன், பிறகு கருவி பார்க்கலாம்' என்பது தள்ளிப்போடுதலின் மற்றொரு பெயரே. மூச்சுத்தடை மிதமாக உள்ளவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்தள்ளி வைக்கும் பற்கவசம் ஒரு மாற்றாக அமையலாம். எது பொருந்தும் என்பதை வைத்தியருடன் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

பிறர் பாவித்த கருவியை வாங்குவதோ, ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்புவதோ கவனமின்றிச் செய்யத்தக்கதன்று. ஒவ்வொருவருக்கும் அழுத்த அளவு வேறு. அத்துடன், உட்புற நுரைப்பொருள் சிதைந்து மூச்சுக்குழாய்க்குட் செல்லக்கூடும் என்ற காரணத்தால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல இலட்சம் கருவிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. அத்தகைய பழைய கருவிகள் இன்றும் கைமாறக்கூடும்.

முதல் மாதம்

முதல் இரவிலேயே புதுப்பிறவி எடுத்தது போல எழுவோர் சிலர் உண்டு. பலருக்கு அவ்வாறு அமைவதில்லை. கவசம் அழுத்தும், வாய் உலரும், காற்றுக் கசியும், நள்ளிரவில் தன்னையறியாமற் கழற்றி எறியவும் நேரும். இதனைத் தோல்வியென்று எண்ணுவதே பெருந்தோல்வி. பகலில், விழித்திருக்கும்போது, தொலைக்காட்சி பார்த்தபடி அரை மணி நேரம் கவசத்தை அணிந்து பழகுவது பயன் தரும். வாய் உலர்ந்தால் ஈரப்பதனூட்டியை இணைக்கலாம். அதிற் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துவது நன்று. கவசத்தின் மெத்தைப் பகுதியை மென்மையான சவர்க்காரத்தால் நாள்தோறும் கழுவ வேண்டும். கவசம் பொருந்தவில்லையென்றால் வேறொன்றைக் கேட்கலாம், கேட்பது உரிமை.

தற்காலக் கருவிகள் எத்தனை மணி நேரம் பயன்படுத்தப்பட்டன, எவ்வளவு காற்றுக் கசிந்தது, எஞ்சிய தடைகள் எத்தனை என்பவற்றைப் பதிவு செய்கின்றன. வைத்தியசாலை அவற்றைப் பார்க்கும். இதனை வேவு பார்த்தலாகக் கருதி அஞ்சுவோர் உள்ளனர். உண்மையில் அந்தப் பதிவே, நோய் கட்டுப்பட்டுள்ளது என்பதற்கும், மீண்டும் வண்டியோட்டத் தகுதியுண்டு என்பதற்கும் சாட்சியாக நிற்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கருவி எல்லா நோயையும் தடுத்துவிடும் என்று கூற முடியாது. ஏற்கெனவே இதய அல்லது மூளைக் குருதிக்குழாய் நோயுள்ள 2,717 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இக்கருவி மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் குறைத்ததாகக் காணப்படவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே அதனை அணிந்திருந்தனர் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆனால் அதே ஆய்வில் பகலுறக்கம் குறைந்தது, குறட்டை குறைந்தது, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. வீதியில் விழிப்புடன் இருப்பதற்கும் பிள்ளைகளுடன் மாலையில் விழித்திருந்து பேசுவதற்கும் இதுவே போதிய காரணம்.

இளையோர் செய்யத்தக்கது

புலம்பெயர் வீடுகளில் பிள்ளைகள் சிறுவயது முதலே மொழிபெயர்ப்பாளர்களாக இருந்து வருகின்றனர். வைத்தியரின் கடிதமும் அவர்கள் வழியேதான் பெற்றோரை வந்தடைகிறது. அன்பு மிகுதியால், அச்சமூட்டும் வரிகளை விட்டுவிட்டு வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. 'ஒரு மெசினாம் அப்பா, பிறகு சொல்லுவினமாம்' என்று சுருக்கிவிடுவோரும் உண்டு. வாகனம் ஓட்டுவது பற்றிய அந்த வரிகளை விட்டுவிடுவது அன்பாகாது. முழுக் கடிதத்தையும் வாசித்துச் சொல்ல வேண்டும். அதற்கு மேலும் தேவைப்பட்டால், தேசிய சுகாதார சேவையிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்கலாம். மனைவியின் முன் பேசத் தயங்கும் செய்திகளையும் பிள்ளைகளின் முன் பேசக் கூசும் செய்திகளையும் ஒரு தந்தை அங்கு தடையின்றிப் பேசுவார்.

வேறு நாடுகளில் வாழ்வோர் அந்தந்த நாட்டு ஏற்பாடுகளைக் கேட்டறிவதும் இளையோரின் பணியே. எடுத்துக்காட்டாக, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உதவிச் சாதனத் திட்டம், தகுதியுடையோருக்குக் கருவியின் நிர்ணயித்த விலையில் 75 விழுக்காட்டை ஏற்கிறது. இத்தகைய படிவங்களை நிரப்புவது பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்கு ஒரு மாலைநேர வேலை. தந்தைக்கு அது எட்டாத மலை.

முகக்கவசத்துடன் படுத்திருக்கும் தந்தையைக் கண்டு சிரிக்காதிருப்பதும், படமெடுத்து உறவினருக்கு அனுப்பாதிருப்பதும்கூட உதவியே. முதல் வாரத்தில் ஒரு கேலிச்சொல் போதும். கருவி அலுமாரிக்குப் போய்விடும்.

சமூகத்தின் கடமை

மறைப்பவரை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. உண்மையைச் சொல்பவர் தண்டிக்கப்படும் சமூகத்தில் எவரும் உண்மை சொல்ல மாட்டார். ஒரு காலத்தில் நீரிழிவு மறைக்கப்பட்டது. பெண்பிள்ளை மூக்குக்கண்ணாடி அணிவதும் மறைக்கப்பட்டது. இன்று சர்க்கரையளவைக் கோயில் வாசலிலேயே வெளிப்படையாகப் பேசுகின்றனர். மூச்சுத்தடையும் அந்த இடத்துக்கு வந்தாக வேண்டும். சம்பந்தம் பேச வருவோர், சிகிச்சை பெறும் தகப்பனைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. சிகிச்சை பெறாது இரவில் வண்டியோட்டும் தகப்பனைக் கண்டே கலங்க வேண்டும்.

பணியிழப்பு பற்றிய அச்சத்துக்கும் வெறும் அறிவுரை மருந்தாகாது. சிகிச்சை கட்டுப்பாட்டுக்கு வரும்வரையான சில வாரங்களோ மாதங்களோ வண்டியோட்ட முடியாதவருக்கு வருமானம் குறையும் என்பது மெய். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோயில் நிருவாகங்களும் ஆண்டுவிழாக்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இங்கே திருப்பலாம். பணிக்குச் செல்ல வண்டியில் இடம் கொடுப்பது, தற்காலிகமாக வேறு வேலை தேடித் தருவது, படிவம் நிரப்ப உதவுவது, ஏற்கெனவே கருவியைப் பயன்படுத்துவோர் புதியவருடன் பேசுவதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒழுங்கு செய்வது ஆகிய யாவும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை. தமிழ் உரிமையாளர்களின் கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் பணிபுரிவோருக்கு, சிகிச்சையின் முதல் மாதத்தில் இரவுப் பணியைத் தவிர்த்து உதவுவதும் இயலாத காரியமன்று.

போரையும் கடலையும் எல்லைகளையும் கடந்து வந்து, இரவு பகலாக உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய தலைமுறை இப்பொழுது ஐம்பதையும் அறுபதையும் எட்டி நிற்கிறது. அவர்கள் தமக்கென்று எதனையும் கேட்டுப் பழகாதவர்கள். நிம்மதியான நித்திரை ஒன்றைக் கேட்கும் உரிமையேனும் அவர்களுக்கு உண்டு. அதனை அவர்கள் கேட்கத் தயங்கினால், அவர்களுக்காக வீட்டிலுள்ளோர் கேட்க வேண்டும்.

சாமிப்படத் தட்டுக்குக் கீழே கிடக்கும் அந்தக் கடிதத்தை இன்று மாலையே வெளியே எடுக்கலாம். தாயும் தந்தையும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து, ஒரு வரியும் விடாமல் வாசிக்கலாம். நாளை காலை குடும்ப வைத்தியருக்கு அழைத்து, செய்யும் தொழில் இன்னதென்று மறைக்காமற் சொல்லலாம். கருவி வரும் நாள் வைத்தியசாலையின் கையில் இருக்கிறது. அது வரும்போது வீடு ஆயத்தமாக இருக்கிறதா என்பது வீட்டாரின் கையில் இருக்கிறது.